உட்காரும் இடமில்லாத கால்சட்டை: ராமநாதபுரக் கடற்கரைக்கு லெதர் சாப்ஸ் தேறுமா?

தங்கச்சி மகன் கீழக்கரையிலிருந்து வந்து கடை வாசலில் வண்டியை நிறுத்தும்போது மத்தியானம் இரண்டு மணி இருக்கும். துணிப்பையிலிருந்து கறுப்பாக, கனமாக ஒன்றை எடுத்து மேசையில் போட்டான். தோல் வாசனை கடை முழுக்கப் பரவியது. ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் இருபது வருஷத்துக்கு மேலாக வண்டி சீட் தைக்கிறேன். வருவதெல்லாம் ரெக்சின்தான். நிஜத் தோல் என் ஊசிக்குக் கீழே வருவது வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ.

மடித்துப் பார்த்தேன். மாட்டுத் தோல், குரோம் போட்டுப் பதனிட்டது, ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் தடிமன். இடுப்பில் ஒரு பட்டை, முன்னால் பக்கிள், பின்னால் நாடா போட்டு இறுக்கிக்கொள்ள வசதி. தொடையின் வெளிப்பக்கம் மேலிருந்து கணுக்கால் வரை ஒரே நீள ஜிப்பு. இரண்டு கால்கள் இருந்தன. நடுவில் ஒன்றும் இல்லை. முன்னாலும் திறந்திருந்தது, பின்னாலும் திறந்திருந்தது.

"இதப் பார்த்துட்டு அம்மா, தோல் பத்தாம விட்டுட்டானான்னு கேட்டுச்சு மாமா" என்று சிரித்தான்.

சவூதியில் வேலை பார்த்த அவன் சித்தப்பாவுக்கு, ஊர் திரும்பிய ஓர் அமெரிக்கக்காரர் கொடுத்துவிட்டுப் போனதாம். சித்தப்பாவுக்கு வண்டியே ஓட்டத் தெரியாது. பீரோவில் பல வருஷம் கிடந்து இப்போது இவன் கைக்கு வந்திருக்கிறது. இவன் பழைய 350 புல்லட் ஒன்று வாங்கியிருக்கிறான். தினமும் வேலைக்குக் கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம், ஞாயிற்றுக்கிழமை ஆனால் கூட்டாளிகளோடு தனுஷ்கோடி. வண்டியிலிருந்து விழுந்தாலும் காலைக் காக்கிற ரைடிங் பேன்ட் வாங்க எட்டாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தான். சும்மா கிடைத்த இது இருக்கும்போது அந்த எட்டாயிரத்தைச் செலவழிக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. ஒரு வாரம் வைத்துவிட்டுப் போ, சொல்கிறேன் என்றேன்.

சாப்ஸ் என்கிற இந்தச் சாமான் எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே, எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதில் பாதி தெரிந்துவிடும். சாப்ஸ் மோட்டார் சைக்கிளுக்காகப் பிறந்ததே இல்லை. குதிரைக்காகப் பிறந்தது. மெக்சிகோவில் ஸ்பானியர் காலத்து மாட்டுப் பண்ணைகளில் குதிரையேறி மாடு மேய்த்தவர்களுக்கு வக்கேரோ என்று பெயர். ஸ்பானிய மொழியில் வாக்கா என்றால் பசு. முட்புதருக்குள் ஓடிப்போன மாட்டை விரட்டிப் பிடிக்கப் புகுந்தால் கால் கிழிந்துவிடும். அதனால் சேணத்தின் முன்பக்கம் இரண்டு பெரிய மாட்டுத் தோல்களைத் தொங்கவிட்டு, ஏறி உட்கார்ந்ததும் காலுக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஆர்மாஸ் என்று அதற்குப் பெயர். பிறகு அதையே சிறிதாக வெட்டி, ஆளின் இடுப்பில் கட்டி, முழங்கால் அளவுக்குத் தொங்கவிட்டார்கள். அதற்கும் பிறகு காலை முழுசாகச் சுற்றி மூடும்படி தைத்தபோது சாபரேராஸ் ஆனது. சாபரால் என்றால் முட்செடிகள் அடர்ந்த புதர்க்காடு. பேரிலேயே முள் இருக்கிறது. டெக்சாஸ் மாட்டுக்காரர்கள் அதை வாங்கிக்கொண்டு, பேரைச் சுருக்கி சாப்ஸ் ஆக்கினார்கள்.

1870களில் டெக்சாஸில் ஓடியது ஷாட்கன் என்ற வகை. இரட்டைக் குழல் துப்பாக்கி மாதிரி இரண்டு நேர்க் குழாய்கள், காலோடு ஒட்டி நிற்கும். அப்புறம் வௌவால் இறக்கை மாதிரி ஓரம் விரிந்த வகை வந்தது. பூட்ஸைக் கழற்றாமலே மாட்டவும் கழற்றவும் முடியும், காற்றும் கொஞ்சம் புகும். வடக்கே பனி விழுகிற மாநிலங்களில் ஆட்டு ரோமத்தோடு சேர்த்தே தைத்துப் போட்டுக்கொண்டார்கள். எந்த வகையை எடுத்தாலும் உட்காருகிற இடத்தில் தோல் கிடையாது. ஏன் இருக்க வேண்டும்? அங்கேதான் சேணம் இருக்கிறதே. முள் குத்தப்போவது தொடையிலும் முழங்காலிலும் கெண்டைக்காலிலும்தான்.

இதில் எனக்கு வேடிக்கையாகப் பட்டது ஒன்று. டெக்சாஸில் அந்த மாட்டுக்காரர்களைக் குத்திய முள்ளில் முக்கியமானது மெஸ்கீட் என்கிற மரம். நம் ஊர் சீமைக்கருவைக்கு அது நெருங்கிய பங்காளி. சீமைக்கருவையும் மெக்சிகோ, கரீபியன் பக்கத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்ததுதான். இன்று ராமநாதபுரம் மாவட்டத்தில் கண்மாய்க் கரை, உவர் நிலம், கடலோரம் என்று எங்கே பார்த்தாலும் அது. சாப்ஸ் எந்த முள்ளுக்காகப் பிறந்ததோ அந்த முள்ளின் சொந்தக்காரன் இங்கே வந்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. தோல் மட்டும் வரவில்லை. நம்மிடமும் தோல் கட்டும் பழக்கம் இல்லாமல் இல்லை. சாயல்குடிப் பக்கம் மார்பு உராயாமல் தோலைக் கட்டிக்கொண்டு பனையேறியவர்களைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். காலுக்குத் தளை, மார்புக்குத் தோல். தேய்கிற இடத்தில் போடு, மற்ற இடத்தில் விடு என்பதுதான் கணக்கு.

சரி, குதிரையிலிருந்து இது பைக்குக்கு எப்படி வந்தது? அமெரிக்காவில் பைக்குக்குத் தோல் உடுப்பு முன்பே உண்டு. பெர்ஃபெக்டோ என்ற ஜிப்பு வைத்த ஜாக்கெட் 1928-லேயே வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பைக் கிளப்புகள் பெருகியபோது, மாட்டுக்காரனின் தோற்றமும் சேர்ந்து பைக்கில் ஏறிக்கொண்டது. வெறும் தோற்றம் மட்டும்தான் என்று சொன்னால் அநியாயம். அந்த ஊர் நெடுஞ்சாலையில் காலையில் பல் நடுங்கும் குளிர், மத்தியானம் வெயில். ஜீன்ஸுக்கு மேல் சாப்ஸை மாட்டினால் குளிர்காற்று காலில் இறங்காது. வெயில் ஏறியதும் சாலையோரம் நின்று, பூட்ஸைக் கழற்றாமலே ஜிப்பை இழுத்துக் கழற்றிச் சுருட்டிப் பையில் வைத்துவிடலாம். இரட்டைச் சிலிண்டர் வைத்த பெரிய வி-ட்வின் என்ஜினும் சைலன்சரும் காலுக்குப் பக்கத்தில் கொதிக்கும்போது தோல் காலைச் சுடவிடாது. முன் வண்டியின் சக்கரம் தெறிக்கும் கல், பூச்சி, எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். அவர்களுக்கு இது நல்ல சாமான்தான்.

நம் கணக்கு வேறு. நமக்குக் குளிர் இல்லை. அப்புறம் என்ன மிச்சம்? விழுந்தால் காப்பாற்றுமா என்பதுதான்.

அதைப் பார்க்க ஒரு வேலை செய்தேன். அடுத்த ஞாயிறு அவன் வந்ததும் கடையின் சிமெண்டுத் தரையில் முகப்பவுடரை ஒரு டப்பா கொட்டிப் பரப்பினேன். அடர்நீல ஜீன்ஸ் போட்டிருந்தான். "பைக்கிலிருந்து சைடுல விழுந்தா எப்படி விழுவியோ அப்படி விழுந்து ஒரு முழம் சறுக்கு" என்றேன். எதிர்க்கடைக்காரர் எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று நினைத்திருப்பார். எழுந்து நின்றவனின் ஜீன்ஸில் வெள்ளை படிந்த இடங்கள் நான்கு. கணுக்காலின் வெளிமுட்டு. முழங்காலின் வெளிப்பக்கம். இடுப்பெலும்பு முட்டிக்கொண்டு நிற்கிற இடம். பின்பாக்கெட்டின் பாதி. இப்போது அதே ஜீன்ஸுக்கு மேல் சாப்ஸை மாட்டச் சொன்னேன். முழங்கால் மறைந்தது. கணுக்கால் ஏறக்குறைய மறைந்தது. இடுப்பெலும்பில் வெறும் இரண்டு விரல் பட்டை. பின்பாக்கெட் முழுக்க வெளியே. பெரிய வெள்ளைத் திட்டு இரண்டும் அப்படியே தெரிந்தன. மூடியிருந்த முழங்காலின் வெளிப்பக்கத்தில்கூடத் தரையில் முதலில் படுவது தோல் இல்லை, அந்த நீள ஜிப்பு. ஜிப்பு ஓடும் இடம்தான் எந்த உடுப்பிலும் பலவீனமான இடம் என்பது தையல்காரன் எவனுக்கும் தெரியும்.

அந்த இரண்டு திட்டு எனக்கு ஏன் முக்கியம் என்றால், அங்கே நான் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கிறேன். சில வருஷத்துக்கு முன் கச்சான் என்கிற தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அரிச்சல்முனைக்குப் போனேன். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு அப்பால் முனை வரை தார்ச்சாலை திறந்தது 2017-ல். வடக்கே அமைதியான பெண் கடல், தெற்கே சீறுகிற ஆண் கடல், நடுவில் நேர்ச்சாலை. நேர்ச்சாலைதானே என்று நினைப்போம். கச்சான் வீசும்போது ஆண் கடல் பக்கத்து மணல் தார்மேல் மெல்லிசாக, பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து ஓடும். எங்கே தடிப்பாகப் படிந்திருக்கிறது என்பது வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. முன்னால் போன வேன் நின்றது. நான் முன்பிரேக்கைப் பிடித்தேன். முப்பதுக்கு மேல் போயிருக்க மாட்டேன். முன்சக்கரம் வழுக்கியதும் இடதுபக்கமாகச் சாய்ந்து ஏழெட்டு அடி இழுபட்டேன். ஜீன்ஸுக்கு மேல் முழங்கால் காப்பு கட்டியிருந்தேன், அதனால் முழங்காலில் கீறல்கூட இல்லை. இடுப்பில் ஜீன்ஸ் கையகலம் தேய்ந்து பொத்தல், அதற்குக் கீழே தோலும் அதே அளவுக்கு. பத்து நாள் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார்ந்தேன். ஊருக்கெல்லாம் சீட் தைப்பவன் ஸ்டூலில் உட்கார முடியாமல் நின்றபடி தைத்த கதை அரண்மனைத் தெருவில் இன்றும் ஓடுகிறது.

முப்பதிலேயே இது. அறுபது கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல். விழுந்த பிறகு இருபது மீட்டருக்குக் குறையாமல் சறுக்கித்தான் உடம்பு நிற்கும். அந்த இருபது மீட்டரைத் தாங்க முழுத் தோலை விடச் சிறந்தது இன்றும் அதிகமில்லை. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. சாப்ஸின் தோலும் நல்ல தோல்தான். ஆனால் அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

அப்படியானால் இடுப்பையும் மூடுகிற முழு லெதர் பேன்ட்டை வாங்கு என்று சொல்லலாம். வட ஆற்காட்டுப் பக்கம் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் பதனிட்டு உலகத்துக்கே அனுப்புகிறோம், நமக்கென்ன பஞ்சம் என்றும் கேட்கலாம். பஞ்சம் தோலுக்கு இல்லை, காற்றுக்குத்தான். சித்திரை, வைகாசியில் பாம்பனுக்கும் மண்டபத்துக்கும் நடுவில் மத்தியானம் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காற்றிலேயே ஈரம் இருப்பதால் வேர்வை காயாது. கறுப்புத் தோல் வெயிலைக் குடித்துக்கொண்டு சூடேறும். உள்ளே கால் வேகும். ரயில்வே கேட்டில் ஐந்து நிமிஷம் நின்றால் போதும், தொடையில் ஒட்டிக்கொண்டு வராது. மூன்றாம் வாரம் அது ஆணியில் தொங்கும். போடாத காப்பு காப்பே இல்லை. விலையும் சாதாரண ஆளுக்குக் கட்டாது.

அடுத்தது உப்பு. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பைத்தான் தடவி வைப்பார்கள். உப்பால்தான் தோல் தோலாக நம்மிடம் வந்து சேர்கிறது. பதனிட்டு முடித்த பிறகு அதே உப்புதான் எமன். கடற்காற்றின் ஈரம் தோலில் இறங்கி, காயும்போது உப்புப் பூக்கும். உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பசை போய் மடிப்புகளில் வெடிப்பு விடும். இந்தச் சாப்ஸிலேயே முழங்கால் மடிப்பில் மயிரிழை வெடிப்புகள் இருந்தன. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும் வந்தால் பீரோவுக்குள் பூஞ்சை. தோலில் எதையாவது வைத்திருப்பவர்கள் கடலோரம் போய் வந்ததும் ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, நிழலில் காயவைத்து, தோலுக்கென்று விற்கிற கிரீமைத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்குப் பிடித்து மணலெல்லாம் வந்து ஒட்டும்.

ரெக்சினில் தைத்த போலி சாப்ஸ், போலி லெதர் பேன்ட் பற்றி ஒரே வரி. அது துணி மேல் பூசிய பிளாஸ்டிக், சைலன்சரில் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும், சீட்டோடு நிற்கட்டும்.

சாதா ஜீன்ஸ்தான் இந்த வட்டாரத்தில் பெரும்பாலானோர் போடுவது. அதைவிடப் பெரும்பாலானோர் போடுவது கைலியும் வேட்டியும். ஜீன்ஸ் என்ன ஆகும் என்பதை என் இடுப்பு ஏற்கெனவே சொல்லிவிட்டது. வேட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியது காப்பைப் பற்றி அல்ல, காற்றைப் பற்றி. பாம்பன் சாலைப் பாலம் இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல் நீளம், 1988-ல் திறந்தது. அதன் மேல் ஏறினால் பக்கவாட்டுக் காற்று வண்டியையே ஒரு கை அகலம் தள்ளும். பக்கத்தில் இருந்த பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தி வைப்பார்கள். அந்தக் காற்றில் துணி படபடவென்று அடித்தால் கால் அலுக்கும், கவனம் போகும், சக்கரத்தில் சிக்கும் ஆபத்தும் உண்டு. இங்கே மட்டும் சாப்ஸுக்கு ஒரு மார்க் கூடுதல் போட வேண்டும். ஒட்டித் தைத்த தோல் படபடக்காது.

அராமிட் நூல் வைத்த ரைடிங் ஜீன்ஸ் அடுத்தது. கெவ்லார் என்று கடைக்காரர் சொல்வாரே, அதுதான். அமெரிக்க வேதியியலாளர் ஸ்டெபனி க்வோலெக் 1965-ல் கண்டுபிடித்த நூல். பார்க்கச் சாதாரண ஜீன்ஸ், ஆபீஸுக்கும் போட்டுக்கொண்டு போகலாம். தேய்மானத்தை நன்றாகத் தாங்கும், உருகாது. நம் மருமகனின் தினசரி ஓட்டத்துக்கு இதைத்தான் முதலில் நினைத்தேன். சிக்கல் இரண்டு. முதலாவது, மலிவான வகையில் அந்த நூல் முழங்காலிலும் பின்பக்கத்திலும் மட்டும் ஒரு ஒட்டாக இருக்கும். திருப்பிப் போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது, மஞ்சளாகத் தெரிகிற அந்த உள்துணி இடுப்பெலும்பு வரை ஏறியிருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டாவது, ஜீன்ஸும் உள்துணியுமாக இரண்டு அடுக்கு, சூட்டில் தோலுக்குச் சற்றுத்தான் குறைவு. இந்த நூலுக்கு வெயிலும் பிளீச்சும் ஆகாது என்பதையும் துணி துவைப்பவர்களிடம் சொல்லி வையுங்கள். இங்கே மொட்டைமாடிக் கொடிதான் எல்லாத் துணிக்கும்.

மெஷ் பேன்ட்டுக்கு வருகிறேன். வலைமாதிரித் துளை போட்ட துணி, தேய்கிற இடங்களில் மட்டும் தடித்த நைலான் அல்லது பாலியஸ்டர், முழங்காலிலும் இடுப்பிலும் அடி தாங்கும் பேட் வைக்கப் பை. இதை ஒருநாள் இரவல் வாங்கிப் போட்டுப்பார்த்தேன். தேவிபட்டினம் போய்வந்தேன், மே மாதம், காலை பதினொரு மணிக்குக் கிளம்பி. ஓடும்போது காற்று தொடையில் நேராகப் பட்டது. நின்றால் புழுங்கியது, கிளம்பினால் ஆறியது. இந்தக் கரைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும் என்று தோன்றியது. குறை இல்லாமல் இல்லை. தேய்மானத்தில் தோலுக்குப் பக்கத்தில் நிற்காது. ஒருமுறை பலமாக விழுந்தால் பேன்ட் முடிந்தது, உங்களுக்குப் பதிலாக அது போனது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். சைலன்சரில் பட்டால் இதுவும் உருகும், அதனால் வலதுகால் உள்பக்கம் சூடு தாங்கும் துணி அல்லது தோல் ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள். மழைக்கு உள்ளே மாட்டும் லைனர் சிலவற்றில் வரும். நான் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை, நனைந்தால் சீக்கிரம் காய்கிறது, அது போதும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது பளபளப்பை அல்ல, உள்பக்கத்தை. பேன்ட்டை முழுக்கப் புரட்டிப் போடுங்கள். பின்பக்க நடுத்தையலும் வெளிப்பக்கத் தையலும் இரண்டு வரிசையாவது ஓடியிருக்க வேண்டும். மூன்று என்றால் நல்லது. தையலின் இரண்டு பக்கமும் பிடித்து இழுங்கள், நூல் பல்லைக் காட்டினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தோலாக இருந்தால் எதிர்த் தப்பும் நடக்கும். நெருக்கி நெருக்கித் தைத்தால் பலம் என்று நினைத்து ஊசித் துளைகளை அடுக்கிவிடுவார்கள். அது தபால்தலை ஓரம் மாதிரி, இழுத்தால் வரிசையாகக் கிழியும். அடுத்து முழங்கால் பேடை வெளியே எடுத்துப் பாருங்கள். அதில் இ.என். 1621-1 என்ற ஐரோப்பியத் தர எண்ணும், லெவல் 1 அல்லது 2 என்பதும் அச்சாகியிருக்கும். அடித்துப் பார்க்கும் சோதனையில் அடியின் விசையைச் சராசரியாக 35 கிலோநியூட்டனுக்கு மேல் உள்ளே விடாதது லெவல் 1, இருபதுக்கு மேல் விடாதது லெவல் 2. இடுப்புப் பையிலும் கையை விடுங்கள். பல பேன்ட்டுகளில் முழங்காலுக்கு நல்ல பேடைக் கொடுத்துவிட்டு, இடுப்புப் பையைக் காலியாக விட்டிருப்பார்கள், அல்லது பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் மாதிரி ஒன்றைச் செருகியிருப்பார்கள். பவுடர் சோதனையில் அந்த இடம்தான் அதிகம் வெளுத்தது.

உட்கார்ந்தும் பார்க்க வேண்டும். நின்றால் முழங்காலில் இருக்கும் பேட், வண்டியில் உட்கார்ந்து காலை மடக்கினால் மேலேறித் தொடைக்குப் போய்விடும். கடையில் ஸ்டூலாவது கேட்டு வாங்கி உட்காருங்கள், வெட்கப்படாதீர்கள்.

பெண்கள் ஸ்கூட்டரில் போகும்போது என்ன செய்வது என்று தங்கச்சி கேட்டாள். சுடிதாருக்கு உள்ளே கட்டிக்கொள்கிற மெல்லிய முழங்கால் காப்பு கிடைக்கிறது, ஒன்றும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டால் அதைவிட மேல். இதெல்லாம் ஹெல்மெட் தலையில் இருக்கும் ஆளுக்குச் சொல்கிற பேச்சு. ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகிறவர் இந்தக் கட்டுரையை இதோடு விட்டுவிடலாம்.

சாப்ஸுக்கு ஒரே ஒரு விஷயத்தில் மெஷ் பேன்ட் ஈடு கொடுக்கவில்லை என்று மருமகன் பிடித்துக்கொண்டான். ராமேஸ்வரம் போனால் கோயிலுக்குப் போக வேண்டும். 22 தீர்த்தமும் ஆட வேண்டும். தோலோடு உள்ளே போக முடியாது என்றாலும் சாப்ஸை வாசலிலேயே ஜிப்பை இழுத்துக் கழற்றிவிடலாம், உள்ளே ஜீன்ஸோ வேட்டியோ இருக்கும். ரைடிங் பேன்ட்டை வீதியில் நின்று எப்படிக் கழற்றுவது? நியாயமான கேள்வி. அதற்கும் வழி இருக்கிறது. சாதா உடுப்புக்கு மேலேயே போட்டுக்கொள்கிற ஓவர்பேன்ட் வகை. பக்கவாட்டில் நீள ஜிப்பு இருக்கும், செருப்பை மட்டும் உதறிவிட்டு இரண்டு நிமிஷத்தில் உரித்துவிடலாம். சாப்ஸின் நல்ல குணம் இதில் வந்துவிடுகிறது, உட்காரும் இடமும் மூடியிருக்கிறது. ஜிப்பு வெளிப்பக்கம் ஓடுவது இதிலும் ஒரு குறைதான், ஆனால் ஜிப்புக்கு மேல் மூடுதுணி மடிந்து ஒட்டுகிற மாதிரி பார்த்து வாங்கினால் சமாளிக்கலாம். உள்ளே மெல்லிய பருத்தி பேன்ட், மேலே மெஷ் ஓவர்பேன்ட். ஜீன்ஸுக்கு மேல் போட்டால் மெஷ்ஷின் பலன் போய்விடும்.

அவனிடம் அதைத்தான் வாங்கச் சொன்னேன். ரைடிங் மெஷ் பேன்ட்டுகள் ஐயாயிரத்துச் சில்லறையிலிருந்து ஆரம்பித்துப் பதினைந்து வரை போகின்றன. மதுரையில் போய்ப் போட்டுப்பார்த்து ஏழாயிரத்துக்குள் முடித்தான். மிச்சத்தில் இடுப்புக்கு லெவல் 2 பேட் தனியாக வாங்கிச் செருகினோம். இடுப்புப் பை கொஞ்சம் சின்னது, பிரித்து அரை அங்குலம் விட்டுத் தைத்துக் கொடுத்தேன். சித்தப்பாவுக்கு மட்டும் வருத்தம். படத்தில் வருகிற மாதிரி இருக்குமே என்கிறார். போட்டோவுக்கு நிற்கும்போது மாட்டிக்கொள்ளலாம், அதில் தப்பில்லை. மார்கழி விடியலில் கொடைக்கானல் மலையேறுகிறவன் கேட்டிருந்தால் நானே சாப்ஸை எடுத்துக்கொள் என்று சொல்லியிருப்பேன்.

சாப்ஸ் கடையிலேயே ஆணியில் தொங்கியது. போன வாரம் கரிமூட்டம் போடுகிற அண்ணன் ஒருவர் டிவிஎஸ் எக்ஸ்எல் சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். சீமைக்கருவையை வெட்டி, அடுக்கி, மண் பூசி, மூட்டம் போட்டுக் கரியாக்குவது அவர் தொழில். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் கோடு போட்ட நோட்டு மாதிரி கீறல். காய்ந்தது, ஆறியது, புதுசு, எல்லாம். சீட்டை நான் பிரித்துக்கொண்டிருக்க, அவர் ஆணியில் தொங்கியதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்னப்பா, பாதியில விட்டுட்ட?"

விஷயத்தைச் சொன்னேன். எடுத்து மாட்டிப் பார்த்தார். குனிந்தார், உட்கார்ந்தார், ஒரு காலைத் தூக்கி எதையோ மிதித்து ஒடிப்பது மாதிரி செய்து பார்த்தார். மருமகனுக்குப் போன் போட்டேன், கொடுத்துவிடுங்கள் மாமா என்றான்.

"ஜிப்பு வேணாம். கரித்தூள் ஏறுனா ரெண்டு நாள்ல சிக்கிக்கும். வார் வச்சுக் குடு" என்றார் அண்ணன். அமெரிக்கக்காரர் நெட்டையான ஆள் போல, நீளமும் நாலு விரல் அதிகம். ஜிப்பைப் பிரித்து எடுத்தேன். கீழே வெட்டிய தோலிலேயே எட்டு வார் அறுத்து, பக்கத்துக்கு நான்காகப் பக்கிள் வைத்துத் தைத்தேன். அவர் பிரித்துப் பார்க்கவில்லை, பையில் போடவும் இல்லை. கைலியை மடித்துக் கட்டி, அதற்கு மேல் சாப்ஸை மாட்டி, புதுச் சீட்டில் ஏறி உட்கார்ந்து எக்ஸ்எல்லை மிதித்துக் கிளப்பிப் போனார்.